ஆதம்பாவா மாமாவின் மூக்குத் தண்ணீர்

மகன் ஸஜாத், மகள் ஹிமாயா,

போன கிழமை பந்து முகத்தில் பட்டு ஸஜாதின் மூக்கால் தண்ணீர் வடிந்தபோது, நான் அவனை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அதை வீட்டில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். "வாப்பா, இது தடிமன், வாப்பா" என்று அவன் வழி முழுக்கக் கத்திக்கொண்டு வந்தான். டாக்டரும் வெறும் சளி என்றுதான் சொன்னார்.

சிரியுங்கள். எனக்குக் கோபம் இல்லை. ஆனால் நான் ஏன் ஓடினேன் என்பதை இந்தக் கிழமை எழுதிவிட வேண்டும். கிழமைதோறும் உங்களுக்கு எழுதும் இந்தத் தாள்களில் கடையைப் பற்றி எழுதினேன், வெள்ளத்தைப் பற்றி எழுதினேன், உங்கள் உம்மாவின் கோழிகளைப் பற்றிக்கூட எழுதினேன். இதை மட்டும் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஆதம்பாவா மாமாவை உங்களுக்கு 'சுஜூதில் அழுத மனிதர்' என்றுதான் தெரியும். ஊருக்கும் அப்படித்தான் தெரியும். நான் அவருக்குப் பக்கத்தில் நின்று தொழுதவன்.

டப் என்று ஒரு சத்தம்

கடற்கரையோரம் இருக்கும் சின்னப் பள்ளியில் அன்று பின்னேரம் அஸர் தொழுகை. கச்சான் காற்று ஓய்ந்திருந்தது. பள்ளியில் அப்போது பிளாஸ்டிக் பாய்தான். எத்தனை தரம் உதறினாலும் அதில் மணல் இருக்கும், நெற்றியில் குத்தும்.

முதல் வரிசையின் வலது கோடியில் மச்சான், உங்கள் ஆதம்பாவா மாமா. அவருக்குப் பக்கத்தில் நான். சுஜூதில் நெற்றியை நிலத்தில் வைத்திருந்தபோது என் காதுக்குப் பக்கத்தில் டப் என்று ஒரு சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. கூரை ஒழுகுகிறதோ என்று நினைத்தேன். மழை இல்லை.

ஸலாம் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். மச்சானின் நெற்றி பட்ட இடத்தில், பாயின் பச்சைக் கோட்டின் மேல், கண்ணாடி மணி போலத் தண்ணீர் நின்றது. நிறம் இல்லை. கலங்கல் இல்லை.

அதைப் பின்வரிசையில் இருந்த ஹாஜியாரும் பார்த்துவிட்டார். ஊரில் எல்லோரும் மதிக்கும் பெரியவர். தவழ்வதுபோல் முன்னுக்கு வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆதம்பாவா, இந்தக் கண்ணீர் அல்லாஹ்வுக்கிட்ட சும்மா போகாது வாப்பா. எனக்கும் ஒரு துஆ கேளுங்க."

சொல்லும்போதே ஹாஜியாரின் குரல் உடைந்தது. மச்சான் தலையை ஆட்டினார்.

வெளியே வந்து செருப்பைத் தேடும்போது கேட்டேன். "என்ன மச்சான், அழுதியா?"

"அழுறதா? நானா?" மச்சான் சாரன் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "மூக்கால ஒழுகுதுடா. குனிஞ்சா பைப்பத் துறந்தாப்போல வருது."

"அப்ப ஹாஜியாருக்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்ற? அந்த மனிசன் என்ட கையப் புடிச்சி அழுறார். 'ஹாஜியார், நீங்க பாத்தது என்ட சளி' எண்டு சொல்லவா?"

இரண்டு பேரும் பள்ளிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். உள்ளே இருந்து ஒருவர் எட்டிப் பார்க்கும்வரை சிரித்தோம்.



கயிறு

உங்கள் உம்மாவின் கூடப்பிறந்த மூத்த காக்கா அவர். எனக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது. பள்ளிக்கூடத்தில் இருந்தே ஒன்றாகத் திரிந்தவர்கள். நான் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தித் தையல் கடைக்கு வந்தேன். அவர் அதற்கும் முன்னரே கடலுக்குப் போய்விட்டார்.

ஊரில் அவருக்கு 'இடி ஆதம்பாவா' என்று பட்டப்பெயர். கரைவலை இழுக்கும்போது அவர் போடும் சத்தம் மெயின் வீதிவரை கேட்கும் என்பார்கள். அந்தச் சத்தத்தோடு வரும் சொற்களும் கேட்கும். அதனால் மதிப்பான ஆட்கள் அவரைக் கண்டால் மற்றப் பக்கம் போவார்கள். பெருநாளைக்குப் பெருநாள் பள்ளிக்கு வருவார். ஒரு முறை பள்ளித் தலைவர் கடற்கரைக்கே போய், "ஆதம்பாவா, பள்ளிப் பக்கமும் கொஞ்சம் வாங்களன்" என்று கூப்பிட்டாராம். இவர் ஒரு பெரிய பாரை மீனைத் தூக்கி அவர் கையில் கொடுத்து, "எனக்குப் பதிலா இது வருது" என்றாராம். மனிதரை விரும்பாதவர்களும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

கரைவலையை முன்பு ஆட்கள் கரையில் நின்று கூடி இழுத்தார்கள். இப்போது உழவு மெசினில் உருளை பூட்டிக் கயிற்றைச் சுற்றுகிறார்கள். வலையில் பாரம் கூடி, ஒருநாள் கயிறு அறுந்தது. இழுபட்டு நிற்கும் கயிறு அறுந்தால் சாட்டையாகிவிடும். அதன் முடிச்சு மச்சானின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் அடித்தது.

மூக்கெலும்பு நொறுங்கி, கன்ன எலும்பும் உடைந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் மூக்கை நிமிர்த்தி, உள்ளே துணி வைத்து அடைத்தார்கள். நான் பார்க்கப் போனபோது முகம் பலாப்பழம்போல் வீங்கி, இரண்டு கண்ணையும் சுற்றிக் கறுத்துப் போயிருந்தது.

"எப்பிடி இரிக்கி மச்சான், கண்ணுக்குப் போட்ட சுருமா?" என்றார். வாய் திறக்கவே ஏலாத நிலையில் பகிடி.

வீக்கம் வற்றியது. வீட்டுக்கு வந்தார். அதன்பிறகுதான் மூக்கின் ஒரு பக்கத்தால் மட்டும் தண்ணீர் வடியத் தொடங்கியது. தடிமன் என்றார்கள். கொத்தமல்லி அவித்துக் குடித்தார். ஆவி பிடித்தார். பாமசியில் குளிசை வாங்கிப் போட்டார். நிற்கவில்லை. மணமும் தெரியாமல் போயிற்று. "கடலுக்குப் போறவனுக்கு மீன் நாத்தம் தெரியல்ல, நான் முதலாளியாப் போகலாம்" என்றார்.

தொழ ஆரம்பித்ததும் அப்போதுதான். கயிறு அடித்த நேரம் வாயில் அல்லாஹ்வின் பேரோடு கலிமா தானாக வந்ததாம். அந்த வாயால் இனிக் கெட்ட சொல் சொல்லக்கூடாது என்று ஒரு நினைப்பு வந்ததாம். அதை என்னிடம் மட்டும்தான் சொன்னார். ஐந்து நேரமும் பள்ளிக்கு வந்தார். குனிந்தால் தண்ணீர் வந்தது.

இடி ஆதம்பாவா தொழுகிறார், அதுவும் அழுது அழுது தொழுகிறார். ஊருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

லேஞ்சி

அவருக்கு மூக்குத் துடைக்க லேஞ்சி வெட்டிக் கொடுத்தது நான்தான். வெள்ளைச் சட்டைத் துணி வெட்டி மிஞ்சும் துண்டுகளைச் சதுரமாக்கி ஓரம் அடித்துக் கொடுப்பேன். ஒருநாள் கடைக்கு வந்தவர், விழுந்த நூல்கட்டையை எடுக்கக் குனிந்தார். நான் வெட்டி விரித்திருந்த துணியில் பொட்டுப் பொட்டாகத் தண்ணீர்.

"மன்னிச்சிக்க மச்சான்."

"அது காயும். தலையிடி இரிக்கா?"

"ஒழும்பி நிண்டா இடிக்கும். படுத்தா இல்ல. தொண்டையில எந்த நேரமும் உப்புக் கரிக்கிது. கடல் தண்ணி உள்ளுக்குப் போய் இப்ப இறங்குது போல."

எங்கள் பழைய வீட்டுக் கூரை நினைவுக்கு வந்தது. ஓட்டை ஓர் இடத்தில் இருக்கும். தண்ணீர் வளை மரத்தோடு ஓடி வேறோர் இடத்தில் சொட்டும். சொட்டும் இடத்தில் சட்டியை வைத்துக்கொண்டு ஒரு மாரி முழுக்க இருந்தோம். எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் இந்த மனிதருக்கு எங்கேயோ மேலே ஓட்டை இருக்கிறது என்று ஒரு பயம் பிடித்தது. கையோடு காது மூக்குத் தொண்டை டாக்டரிடம் கூட்டிப் போனேன். அவருடைய மனைவி ஹலீமா மாமியும் வந்தார்.

டாக்டர் தம்பிலுவில் ஊர்ப் பக்கத்துத் தமிழ்ப் பெண். அவசரப்படாமல் கேட்டார். முதலில் மச்சானிடம் கேட்கவில்லை, மாமியிடம் கேட்டார்.

"அம்மா, இவர்ர லேஞ்சி காய்ஞ்சாப்பிறகு எப்படி இருக்கும்? மொறமொறப்பா இருக்குமா, மெத்தெண்டு இருக்குமா?"

மாமி யோசித்தார். "மெத்தெண்டுதான் இரிக்கும். கழுவிக் காயவெச்சாப்போல."

டாக்டர் பேனையை வைத்துவிட்டார். சளி காய்ந்தால் துணி கஞ்சி போட்டதுபோல் விறைக்குமாம். இது விறைக்காதாம். மச்சானை முன்னுக்குக் குனிந்து இருக்கச் சொல்லி, மூக்குக்குக் கீழே சின்னப் போத்தல் ஒன்றைப் பிடித்தார். அதில் விழுந்த தண்ணீரை நான் பார்த்தேன். வெளிச்சத்தில் பிடித்தால் போத்தல் வெறுமையோ என்று நினைக்கத் தோன்றும்.

போத்தல் பரிசோதனைக்குப் போயிற்று. ஸ்கேனும் எடுத்தார்கள். பிறகு டாக்டர் எங்களை இருத்திச் சொன்னார்.

"ஐயா, மூளையச் சுத்தி ஒரு தண்ணி இருக்கு. மூளை அதுலதான் மிதக்குது. மூக்குக்கு மேல இருக்கிற எலும்பு சல்லடை போல, மெல்லிசு. அது வெடிச்சி, அதுக்கு மேல இருக்கிற சவ்வும் கிழிஞ்சிருக்கு. அந்தத் தண்ணிதான் வருது."

"அப்ப என்ட மூளைதான் ஒழுகுதா டாக்டர்?" என்றார் மச்சான். "ஆகலும் கொஞ்சம்தானே இரிந்திச்சி."

டாக்டர் சிரிக்கவில்லை. "தண்ணி வெளிய வாற வழியால கிருமி உள்ள போகும். அதுதான் என்ட பயம்."

தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, மூக்குச் சீறக்கூடாது, முக்கக்கூடாது. தொழுமுன் வுழூவுக்கு முகம் கழுவும்போது மூக்குக்குள் தண்ணீர் ஏற்றக்கூடாது.

"தொழுற?" என்றார் மச்சான்.

"நிலத்தில தலை வைக்கவே கூடாது ஐயா. எனக்கு உங்கட சமயம் தெரியாது. ஆனா கதிரையில இருந்து தொழுற ஆக்கள நான் கண்டிருக்கன்."

மச்சான் ஆஸ்பத்திரி வாட்டில் படுத்தார். சொன்னதெல்லாம் கேட்டார். சொட்டுவது குறைந்து குறைந்து நின்றே போயிற்று. இப்படிப் படுத்திருந்தாலே பலருக்கு அந்தக் கிழிசல் தானாக ஒட்டிவிடும் என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஒட்டியது உறுதியாகும்வரை குனியக்கூடாது. மறுபடி வந்தால் கொழும்பில் ஒப்பரேசன் செய்ய வேண்டும்.

அந்த நாட்களில் நான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது பாட்டுப் போல எதையாவது முனகிக்கொண்டு வருவேன் என்று உங்கள் உம்மா சொல்வார்.

கதிரை

வீட்டுக்கு வந்த அன்றே நான் கடையில் இருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுபோய் முதல் வரிசையின் வலது கோடியில் வைத்தேன். மௌலவியிடமும் கேட்டிருந்தேன். "வருத்தக்காரனுக்கு மார்க்கம் இலேசு. சைகையால தொழட்டும். டாக்டர்ர சொல்லக் கேக்காம நோவத் தேடிக்கொள்றதுதான் பிழை" என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்.

மச்சான் வந்தார். கதிரையைப் பார்த்தார். காலால் மெல்லச் சுவரோரம் தள்ளிவிட்டு நின்றார். ருகூவுக்குக் குனிந்தார். சுஜூதுக்குப் போனார். நான் தொழுதுகொண்டே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று நினைத்தேன். அடுத்த நாளும் இல்லை. பிறகு ஒருநாள் மதியம், லுஹர் தொழுகையில், டப்.

வெளியே கடற்கரை மணலுக்கு இழுத்துப் போய்ச் சண்டை பிடித்தேன்.

"ஒனக்கென்ன பைத்தியமா மச்சான்? கதிரையில இரிந்தா என்ன?"

"கதிரையில இரிந்தா கேப்பாங்க, ஏன் எண்டு."

"கேட்டாச் சொல்லு."

"என்னெண்டு? மூளைத்தண்ணி ஒழுகுது எண்டா?" அந்த இடிக்குரலை மிகவும் தாழ்த்திப் பேசினார். "மகள் ரிஸ்மியாக்கு மருதமுனையில இரிந்து சம்பந்தம் வந்திரிக்கி. மாப்பிள்ள வாத்தியார். மாப்பிள்ளைட வாப்பா வெள்ளிக்கிழம ஜும்ஆக்கு வந்து எனக்குப் பின்னால நிண்டவராம். நான் தொழுறதப் பாத்திட்டுப் போய், 'இப்பிடி அழுற மனிசன்ட வீட்டுலதான் நாம பொண்ணெடுக்கோணும்' எண்டு சொன்னவராம்."

"அதுக்கு?"

"அதுக்கா? இடி ஆதம்பாவாட மகள் எண்டு எத்தன இடம் தட்டிப் போன? ஒனக்குத் தெரியாதா? இந்தத் தண்ணிதான்டா அவளுக்கு மாப்பிள்ளயக் கொண்டுவந்த. இப்ப நான் கதிரையில குந்தினா, வாப்பாக்கு மூளையில ஓட்ட எண்டு கதை போகும். மறுகா பரம்பர வருத்தம் எண்டுவாங்க. நிக்காஹ் முடியட்டும். முடிஞ்ச கையோட நீயே என்னக் கொழும்புக்குக் கூட்டிப் போ. நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

"நான் போய் மாப்பிள்ள வீட்டுல கதைக்கன். படிச்ச மனிசர். வெளங்கும்."

"கதைச்சியெண்டா," என்றார், "இனி நீ என்ட மச்சான் இல்ல."

ஆனாலும் நான் டாக்டரிடம் போய்த் தண்ணீர் மறுபடி வருகிறதென்று சொன்னேன். டாக்டர் உடனே ஆளைக் கூட்டிவரச் சொன்னார். கொழும்புக்குக் கடிதமும் தந்தார். அதை மச்சான் கையில் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஹலீமா மாமி அழுதார். உங்கள் உம்மா காக்காவின் வாசலில் நின்று ஏசினார். நிக்காஹ்வை முன்னுக்கு எடுக்க இரண்டு வீட்டாரும் சம்மதித்தார்களே தவிர, மனிதர் கதிரையில் இருக்கவில்லை. மார்க்கம் விட்டுக்கொடுத்தது, மச்சான் விட்டுக்கொடுக்கவில்லை.

நிக்காஹ்

உங்களுக்கு அந்த நாளில் வட்டலப்பத்தின் இனிப்பு மட்டும்தான் ஞாபகம் இருக்கும்.

மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, மகளைக் கொடுக்கும் வார்த்தைகளை மச்சானே சொன்னார். பெண்ணின் பொறுப்பாளி, வலிகாரன், என்ற முறையில் அது அவருடைய உரிமை. அந்தச் சொற்களைச் சொல்லும்போது தலையை மிகவும் நிமிர்த்தி வைத்திருந்தார். பெருமையில் அப்படி இருக்கிறார் என்று ஒருவர் என் காதில் சொன்னார். மூக்கு ஒழுகக்கூடாதே என்று இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும்.

பிறகு சபையில் எல்லோருக்கும் முன்னால் இரண்டு றக்அத் தொழுதார். நன்றிக்காகத் தொழுகிறேன் என்றார். அந்தச் சுஜூது நீண்டது. மாப்பிள்ளையின் வாப்பா கண்ணைத் துடைத்தார். நான் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலையில் காய்ச்சல். திரையை மூடுங்கள், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாராம். மாமி தலையணையைச் சரிசெய்யத் தலையைத் தூக்கியபோது கழுத்து மடியவில்லை. பலகையைத் தூக்குவதுபோல் தோளும் சேர்ந்து வந்தது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது வாகனத்தில் கடலுக்குக் கத்துவதுபோல், "இழு, இழு" என்று கத்தினார். பழைய இடிக்குரல். அதன்பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

மூளையை மூடியிருக்கும் சவ்வில் கிருமி தொற்றிவிட்டது என்றார்கள். ஊசிமேல் ஊசி ஏற்றினார்கள். தம்பிலுவில் டாக்டரும் வந்து பார்த்தார். வெளியே என்னைக் கண்டு நின்றார்.

"கதிரையில இருந்து தொழுதாரா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.  என் தோளைத் தொடப்போனவர், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மச்சான் அடுத்த ஜும்ஆவைக் காணவில்லை.

ஓம் மகள்

ஜனாஸா அடக்கத்துக்கு வந்த கூட்டத்தை இடி ஆதம்பாவா கண்டிருந்தால் நம்பியிருக்கமாட்டார். சுஜூதில் அழுத மனிதர், மகளைக் கரைசேர்த்த கையோடு றப்பான அல்லாஹ்விடம் போய்விட்டார் என்று ஹாஜியார் சொல்லிச் சொல்லி அழுதார். ஆட்கள் அப்படியே ஒருவருக்கொருவர் சொன்னார்கள்.

ரிஸ்மியா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையில் மருதாணி அப்படியே இருந்தது.

"மாமா, வாப்பா எனக்காகத்தானே அழுத?"

"ஓம் மகள்" என்றேன்.

அது பொய் என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. அந்தத் தண்ணீர் கண்ணால் வரவில்லை, அவ்வளவுதான்.

இதை எழுதுமுன் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.  "எழுதுங்க மாமா. இன்னொருத்தர்ர வாப்பாக்காவது உதவட்டும்" என்றாள். ஆகவே எழுதுகிறேன். தலையிலோ முகத்திலோ அடிபட்டவருக்கு மூக்காலோ காதாலோ தெளிந்த தண்ணீர் வந்தால், குனியும்போது கூடினால், உப்புக் கரித்தால், தடிமன் என்று இருக்காதீர்கள். ஊர் என்ன சொல்லும் என்றும் இருக்காதீர்கள். ஸஜாத், அதனால்தான் ஓடினேன்.

வலது கோடி

மச்சானை அடக்கிச் சில நாள் கழித்து, ஒரு முற்பகலில், கடையைப் பூட்டிவிட்டுக் கடற்கரைப் பள்ளிக்குப் போனேன். லுஹருக்கு இன்னும் நேரம் இருந்தது. ஒருவரும் இல்லை.

கதிரை சுவரோரம், அவர் காலால் தள்ளிய இடத்திலேயே இருந்தது. அதன்மேல் யாரோ குர்ஆன் வைத்து ஓதும் ரைஹான் பலகையை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தேன். கதிரையைத் துடைத்து, முதல் வரிசையின் வலது கோடிக்குக் கொண்டுவந்தேன். பாயில் பச்சைக் கோடு இருக்கும் இடத்தில் அதன் முன்கால்களை வைத்தேன்.

எனக்கு முழங்கால் நோவு இல்லை. முதுகும் நல்லாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மச்சான் இருந்திருக்க வேண்டிய அந்தக் கதிரையில் இருந்து தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினேன். உபரியாகத் தொழும் இரண்டு றக்அத். சுகமுள்ளவன் இருந்து தொழுதால் அரைவாசி நன்மை என்று மௌலவி சொல்லியிருக்கிறார். ருகூவுக்குத் தலையைக் கொஞ்சம் சாய்த்தேன். சுஜூதுக்கு அதைவிடச் சற்றுக் கூட. அதற்கு மேல் குனியவில்லை. பாய் எனக்குக் கீழே காய்ந்து கிடந்தது.

ஸலாம் கொடுத்துவிட்டு எழும்பினேன். கதிரையை அங்கேயே விட்டுவிட்டு, வெளியே வந்து செருப்பைப் போட்டேன்.